சல்லிசா கிடைக்கிற திருப்புளியும் சுத்தியலும் வாங்கலாமா?

முதல்லயே சொல்லிடறேன். ஆபீஸ்ல நாம எல்லாரும் தினமும் புடுங்கறதா சொல்லிக்கிற ஆணியைப் பத்தின பதிவு இல்லை இது. சுவத்துல அடிக்கிற நிஜ ஆணி, அதை அடிக்கிற சுத்தியல், திருப்புளி, கட்டிங் ப்ளேயர் வகையறா பத்தின பதிவு.

எலக்ட்ரிக் ட்ரெயின்ல கூவி விக்கிற ஸ்க்ரூ டிரைவர் செட்டு, பொருட்காட்சியில குவிச்சு வெச்சிருக்கற டூல் பெட்டி, ஆன்லைன்ல "40 பீஸ், பாதி விலை"ன்னு கண்ணடிக்கிற ஐட்டம். இதெல்லாம் வாங்கலாமான்னு கேட்டா ரெண்டு பதில் வரும். "காசுக்கேத்த தோசை, கிட்டயே போகாதே"ங்கறது ஒண்ணு. "வருஷத்துக்கு நாலு தடவை எடுக்கப் போறோம். நாம என்ன மெக்கானிக்கா? இப்போதைக்கு சல்லிசா வாங்கு, உடைஞ்சா நல்லதா வாங்கிக்கலாம்"ங்கறது இன்னொண்ணு.

ரெண்டாவது பதில் கேக்க ரொம்ப புத்திசாலித்தனமா இருக்கும். எனக்கு சண்டையே அதோடதான். தொழில் தெரிஞ்சவர் மட்டமான டூலை வெச்சும் சமாளிச்சிடுவார். ஒண்ணும் தெரியாத நமக்குத்தான் நல்ல டூல் வேணும். இதுதான் என் கட்சி.

எங்க ஏரியா எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு திருப்புளி வெச்சிருக்கார். முனை மழுங்கி, பிடியில பாதி பிளாஸ்டிக் காணோம். அதை வெச்சே ஃபேன் கழட்டி மாட்டிடுவார். முனை வழுக்கப் போறது அவர் கைக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். உடனே தோள் பலத்தைக் குடுத்து அழுத்திடுவார். அந்தக் கை நமக்குக் கிடையாது. அவர் கை செய்யற வேலையையும் சேத்து நம்ம டூல்தான் செய்யணும்.

"உடைஞ்சா வாங்கிக்கலாம்"ங்கறதுல இன்னொரு ஓட்டையும் இருக்கு. மட்டமான டூல் சாமானியத்துல உடையாது. அது வழுக்கும். வழுக்கும்போது கெட்டுப்போறது டூல் இல்லை, ஸ்க்ரூ.

ப்ளஸ் தலை ஸ்க்ரூவையே எடுத்துக்கங்க (நிறைய கடைகள்ல ஸ்டார்ம்பாங்க). 1930கள்ல அமெரிக்காவுல ஹென்றி பிலிப்ஸ் பேர்ல பேடண்ட் ஆகி பரவினது இது. பல்பு பிலிப்ஸ் வேற, இவர் வேற :-) இந்த ஸ்க்ரூவோட பள்ளம் உள்ள போகப் போக சரிவா குறுகும். அதனால திருகும்போது திருப்புளியை வெளிய தள்ளப் பார்க்கும். நாம அழுத்திப் பிடிச்சுட்டே திருகணும். முனை சரியான சைஸ்ல, கெட்டியான இரும்புல இருந்தா பிடிச்சு நிக்கும். மெத்து இரும்பா இருந்தா ரெண்டு வழுக்குல முனையும் உருண்டுடும், ஸ்க்ரூ தலையில இருக்கற பள்ளமும் கிண்ணம் மாதிரி ஆயிடும். அப்புறம் எவ்வளவு நல்ல திருப்புளி கொண்டு வந்தாலும் அதைக் கழட்டறது பெரும்பாடு. 20 ரூபா டூல் கெட்டா போகட்டும். மிக்ஸி அடிப்பக்கத்து ஸ்க்ரூவோ கதவுக் கீல் ஸ்க்ரூவோ கெட்டா அடுத்து ஆளைத்தான் கூப்பிடணும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. நம்ம வீட்டு தங்கமணி ஒருநாள் குக்கர் கைப்பிடி லொட லொடன்னு ஆடுதுன்னு தானே முடுக்க உக்காந்தாங்க. கையில எடுத்தது கிரகப்பிரவேசத்துக்கு யாரோ குடுத்த செட்டுல இருந்த திருப்புளி. நாலு தடவை வழுக்குச்சு. "எனக்கு இதெல்லாம் வராதுங்க, நீங்களே பாருங்க"ன்னு வெச்சுட்டாங்க. என் பெட்டியில இருந்து சரியான சைஸ் திருப்புளி ஒண்ணை எடுத்துக் குடுத்தேன். நல்லவேளை, ஸ்க்ரூ தலை முழுசா போகலை. அரை நிமிஷத்துல முடுக்கிட்டு, அதே சூட்டோட தோசைக்கல்லு கைப்பிடி, பீரோ கைப்பிடின்னு வீட்டையே ஒரு சுத்து சுத்தி வந்தாங்க.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொல்லுவோம். சில சமயம் கூடம் நிஜமாவே கோணலா இருக்குங்க. புதுசா ஆட வந்தவங்களுக்கு அது தெரியாது, தனக்குத்தான் ஆட வரலைன்னு நினைச்சுக்குவாங்க. நம்ம வீடுகள்ல எத்தனை பேர், முக்கியமா பெண்களும் பசங்களும், "இது நமக்கான வேலை இல்லை"ன்னு ஒதுங்கினதுக்கு ஒரு மட்டமான திருப்புளி காரணமா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்தது உயிர் சமாச்சாரம். கரண்ட் பாக்கற டெஸ்டர். அதுக்குள்ள ஒரு குட்டி நியான் விளக்கும் ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். விளக்கு எரியறதே உங்க உடம்பு வழியா துளி கரண்ட் ஓடறதாலதான். ரெசிஸ்டர் 1 மெகா ஓம் அளவுல இருந்தா, 230 வோல்ட்ல கால் மில்லி ஆம்பியர்கூட ஓடாது, நமக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்கும் கரண்டுக்கும் நடுவுல நிக்கறது அந்த ஒரே ஒரு ரெசிஸ்டர். அதுல போய் 10 ரூபா மிச்சம் பிடிக்கணுமா? அதே மாதிரி கட்டிங் ப்ளேயர் கைப்பிடியில கலர் பிளாஸ்டிக் உறை இருந்துட்டா ஷாக் அடிக்காதுன்னு அர்த்தம் இல்லை. கரண்ட் வேலைக்குன்னே சோதிச்ச டூல்ல ரெட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட்டுங்கற எழுத்தும் இருக்கும். அதை வாங்கினாலும் மெயினை அணைச்சுட்டுத்தான் கை வைக்கணும், அது வேற விஷயம்.

சுத்தியல்லயும் விலையைப் பாக்காதீங்க. தலை கழண்டு பறந்தா அது எங்க போய் விழும்னு யாருக்கும் தெரியாது.

அப்ப சல்லிசா எதையுமே வாங்கக் கூடாதான்னா, தாராளமா வாங்கலாம். எனக்கு நானே வெச்சிருக்கற கேள்வி ஒண்ணுதான்: இது வழுக்கினா, உடைஞ்சா என்ன ஆகும்? பெருசா ஒண்ணும் ஆகாதுன்னா சல்லிசே போதும். பட்டி பாக்கற தகடு, சுரண்டற பிளேடு, வீட்டு அளவுக்கு இன்ச் டேப் எல்லாம் இந்த ரகம். ரசமட்டம்கூட சல்லிசா வாங்கலாம், கடையிலயே சோதிக்க முடியும். ஒரு இடத்துல வெச்சு குமிழ் எங்க நிக்குதுன்னு பாருங்க. அதே இடத்துல அப்படியே முன்பின்னா திருப்பி வெச்சுப் பாருங்க. குமிழ் அதே பக்கம், அதே அளவு நின்னா மட்டம் சரி. ஆக்சா ஃப்ரேம் சுமாரா இருந்தாலும் பிளேடை முறுக்கா இழுத்துப் பிடிச்சா போதும், ஆனா பிளேடை மட்டும் நல்லதா வாங்குங்க.

நல்ல டூலைக் கடையில கண்டுபிடிக்கறதும் பெரிய வித்தை இல்லை. கட்டிங் ப்ளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, வெட்டற இடத்துல கீத்து வெளிச்சம்கூட தெரியக் கூடாது. மூட்டு பக்கவாட்டுல ஆடக் கூடாது. திருப்புளியை ஒரு ஸ்க்ரூ தலையில வெச்சுப் பாருங்க, கச்சிதமா உக்காரணும். 'குரோம் வெனேடியம்'னு பொறிச்சிருக்கறதை மட்டும் நம்பாதீங்க, எதுல வேணும்னாலும் யாரும் பொறிச்சுடலாம்.

நல்லதுன்னா வெளிநாட்டு சரக்குன்னும் நினைக்க வேண்டாம். பஞ்சாப்ல ஜலந்தர், லூதியானா பக்கம் கை டூல் செய்யறது பெரிய தொழில், வெளிநாட்டுக்கே நிறைய போகுது. ரெண்டு சைஸ் ப்ளஸ் திருப்புளி, ஒரு தட்டை திருப்புளி, கட்டிங் ப்ளேயர், சுத்தியல், டெஸ்டர். நம்ம ஊர் ஹார்ட்வேர் கடையில இதெல்லாம் நல்லதாவே சுமார் 1,500 ரூபாய்க்குள்ள முடியும். அதுவும் ஒரே நாள்ல வாங்கணும்னு இல்லை, எந்த வேலை வருதோ அதுக்கான டூலை அப்பப்ப வாங்கினா போதும். 40 பீஸ் செட்டுல 34 பீஸை எப்படியும் யாரும் தொடப் போறதில்லை.

டிஸ்கி: சல்லிசா வாங்கி இருபது வருஷமா உழைக்கிற டூல் உங்ககிட்ட இருந்தா பின்னூட்டத்துல வந்து சண்டை போடலாம். எங்க வாங்கினீங்கன்னு கடை பேரையும் சேத்து சொல்லிட்டுப் போங்க!