உமிக்கரிக்கு மார்க் உண்டா?



"உமியைக் கொளுத்துறதுக்கு டிப்ளமா எதுக்குப்பா?" என் புராஜெக்ட் தலைப்பைக் கேட்டதும் ஒருவர் இப்படிச் சொல்லிச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கதிர்காமத்திலிருந்து இரண்டு பஸ் மாறினால் பாகூர். அங்கே என் மாமா யூரியாவை விட்டுவிட்டு இயற்கை விவசாயம் பண்ணுகிறார். போன கார்த்திகை மழையில், கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து, பாதி வயல் சாய்ந்து போச்சு. தண்டு பலத்துக்கு 'சிலிக்கா' என்று ஒரு பாட்டிலைக் கடையில் நீட்டியிருக்கிறார்கள். விலையைக் கேட்டு அசந்துபோன மாமா என்னைக் கேட்டார்: "அதுல அப்படி என்னதான் இருக்கு மாப்ளே?"

படித்துப் பார்த்தேன். நெல், மண்ணிலிருந்து சிலிக்காவை ஏராளமாக உறிஞ்சுகிற பயிர். நெல் தாள் கையைக் கிழிக்கிறதே, அந்தக் கூர் சிலிக்காவால் வருவது. தண்டு நிமிர்ந்து நிற்கவும், குலை நோயையும் தண்டுத் துளைப்பானையும் தாங்கவும் அது உதவுகிறது. ஜப்பான்காரர்கள் 1955-லேயே சிலிக்கேட்டை நெல்லுக்கு உரமாக அங்கீகரித்துவிட்டார்கள். நாமோ அதை மூட்டை கட்டி ரைஸ்மில்லுக்கு அனுப்பிவிட்டு, பாட்டிலில் திரும்ப வாங்குகிறோம். 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி. எரித்தால் 4 கிலோ சாம்பல். அதில் பெரும்பங்கு, நூற்றுக்கு 85-க்கு மேல்கூட, சிலிக்காதான். (பொட்டாசியத்துக்குச் 'சாம்பல் சத்து' என்று பேர் வைத்தவர் உமிச் சாம்பலைப் பார்க்கவில்லை போலும்!)

அப்போ மில் சாம்பலை அள்ளிக் கொட்டினால் போதாதா? இங்கேதான் நம்ம படிப்பு வேலைக்கு வருகிறது. சூடு சுமார் 700 டிகிரியைத் தாண்டி நீடித்தால் சிலிக்கா படிகமாகத் தொடங்கும். படிகம் மண்ணில் லேசில் கரையாது. அதன் தூசி நுரையீரலுக்கும் கெடுதல். பாய்லர் சாம்பலில் இந்தச் சந்தேகம் உண்டு. குறைந்த சூட்டில் கருக்கிய உமியில் சிலிக்கா கரையக்கூடிய நிலையிலேயே இருக்கும். வேறொன்றுமில்லை, நம்ம பாட்டிமார் பல் தேய்த்த உமிக்கரிதான்!

செய்வதும் சுலபம். பக்கமெல்லாம் துளையிட்ட தகர டப்பா, அதன் தலையில் ஒரு புகைக்குழாய். டப்பாவுக்குள் நெருப்பு, சுற்றிலும் உமிக் குவியல். உள்ளிருந்து கறுத்துக்கொண்டே வரும். வெளுக்க விடாமல் கிளறி, முழுக்கக் கறுத்ததும் தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். புகை வரும், ஊருக்குள் வேண்டாம். இது தழைச்சத்து தராது. எரு வேறு போட்டாக வேண்டும். களர் நிலத்தில் கொட்டவும் கூடாது.

ஷீட் மெட்டல் ஷாப்பில் முதல் வருஷம் நாம் செய்த புனல், டிரே எல்லாம் இப்போ எங்கே? பழைய இரும்புக் கடையில்! ஒரு விவசாயிக்குப் பயன்படுகிற தகரக் குழாய்க்கு மட்டும் மார்க் இல்லையென்றால், அந்த மார்க் யாருக்காக?

மாமா இரண்டு மூட்டை உமி எடுத்து வைத்திருக்கிறார். பாதி வயலில் போட்டு, பாதியைச் சும்மா விட்டு, அடுத்த கார்த்திகையில் எது சாய்கிறதென்று அளக்கப் போகிறோம். சிரித்தவரையும் கூப்பிட்டிருக்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், கதிர்காமம்