முற்றம் பக் இல்லீங்க, ஃபீச்சர்!

தாத்தா போனப்புறம் பாகம் பிரிக்கணும்னு ஆயா வீட்டை விலைக்குச் சொல்லியிருக்கோம். புதுச்சேரி தமிழர் பகுதியில திண்ணை, தாழ்வாரம், முற்றம், மெட்ராஸ் டெரஸ்னு பழைய வீடு.

வாங்க வர்றவங்க வில்லங்கச் சான்று கேக்கட்டும், மூலப்பத்திரம் கேக்கட்டும். மேஸ்திரியோட வந்து உத்தரத்தைத் தட்டிப் பாக்கட்டும், கரையான் இருந்தா விலையைக் குறைக்கட்டும். நியாயம்தான். போன ஞாயித்துக்கிழமை வந்தவர் அட்வான்ஸ் பத்தி வாயே திறக்காம ஒரு லிஸ்ட் நீட்டினாரு பாருங்க! முற்றத்துக்கு மேல காங்கிரீட் போடணுமாம். வாஸ்துப்படி கிணறு தப்பான மூலையில இருக்காம், தூர்த்துடணுமாம். சுவர் பூரா சிமெண்ட் பூசணுமாம். எல்லாம் எங்க செலவுல! விலை மட்டும் 'பழைய வீடுதானே'ன்னு மனைக்கு மட்டும். எங்க கிளையண்ட்டு கூட கையெழுத்து போட்டப்புறம்தான் சேஞ்ச் ரிக்வெஸ்ட் அனுப்புவான் சாமி :-)

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேல சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும், உப்பு பூத்து பூச்சு உதிரும். முற்றத்தை மூடினா பகல்லயே லைட்டு போடணும். 2014 நவம்பர் மழையில மேரி கட்டடம் இடிஞ்சப்ப ஊரே உச்சு கொட்டுச்சு. பழைய ஜாடையிலேயே திரும்பக் கட்டி 2021-ல திறந்தாங்க. நிக்கிற வீட்டை மட்டும் நாமளே கெடுக்கணுமா? அபார்ட்மெண்ட் வேணும்னா அபார்ட்மெண்ட் வாங்குங்க!

ஆயா லிஸ்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. "கெணத்த மூடணும்னா நான் கண்ண மூடினப்புறம் வரச் சொல்லு"ன்னுட்டு தண்ணி சேந்தப் போயிட்டாங்க.

வர்ற ஞாயிறு அடுத்த பார்ட்டி. கையோட டேப் கொண்டு வர்றாராம்.