அடிபட்டவரின் முதல் சாட்சி ஆஸ்பத்திரிச் சீட்டு

பாறசாலை தாலுகா மருத்துவமனையிலோ நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையிலோ விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுபோய் இறக்கியதும், பணியில் இருக்கும் மருத்துவர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார். அடிபட்டவர் நினைவில்லாமல் கிடப்பார். ஆட்டோவில் ஏற்றி வந்தவர் பதில் சொல்வார்: "பைக்கில இருந்து விழுந்துட்டாரு." அது அப்படியே பதிவேட்டில் ஏறிவிடும். பின்னால் வந்த கார் இடித்துத்தான் விழுந்தார் என்பது சொன்னவருக்குத் தெரியும். அவசரத்தில் பாதியைச் சொன்னார், அவ்வளவுதான். இரண்டு ஆண்டு கழித்து, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது அந்த அரை வரியைத்தான். காரைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லையே, தானாக விழுந்தவருக்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்பார்.

பெரிய நிறுவனத்தோடு கோர்ட்டில் மல்லுக்கட்ட முடியுமா என்ற பயம் தமிழக-கேரள எல்லைக் கிராமங்களில் நிறையவே உண்டு. சட்டத்தைப் பார்த்தால் அந்தப் பயத்துக்குக் காரணமில்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், அதன் மீது உச்ச நீதிமன்றம் அடுக்கடுக்காகத் தந்த தீர்ப்புகளும் பெரும்பாலும் அடிபட்டவர் பக்கமே சாய்ந்து நிற்கின்றன. ஏழை தோற்பது அதற்கு வெகு முன்பே, முதல் பத்து நாளில் எழுதப்படும் காகிதங்களில். இங்கே அந்தக் காகிதங்கள் இரண்டு மாநிலங்களில், இரண்டு மொழிகளில் சிதறிக் கிடக்கின்றன.

1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை கிழிக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு கிழித்தாலும் சம்பந்தமும் சந்தையும் கோட்டைத் தாண்டியேதான் நடக்கின்றன. டி.என். 75 பைக்கில் களியக்காவிளையில் இருந்து கிளம்பியவர் அடுத்த சில நிமிடங்களில் இஞ்சிவிளை தாண்டி பாறசாலையில் இருப்பார். அங்கே கே.எல். 19 கார் மோதினால் வழக்கு பாறசாலை காவல் நிலையத்தில். அதே மோதல் சற்று முன்னால் நடந்திருந்தால் களியக்காவிளையில். பாறசாலையில் என்றால் முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாம் மலையாளத்தில் எழுதப்படும். வீட்டுக்காரர்களுக்கு மலையாளம் பேச வரும். படிக்கப் பலருக்கு வராது. எந்த இடத்தில், எந்தத் திசையில், சாலை ஓரத்தில் இருந்து எத்தனை மீட்டர் தள்ளி மோதல் நடந்தது என்று மகஜரில் எழுதியதைச் சரிபார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். மோதிய இடம் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் என்று அதில் இருந்தால், உங்கள் மேலும் பாதித் தவறு என்று இழப்பீட்டில் ஒரு பங்கு வெட்டப்படும்.

எங்கே வழக்குப் போடுவது என்ற கேள்விக்குச் சட்டத்தின் 166-ம் பிரிவு தாராளமாகவே பதில் சொல்கிறது. விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம் என்று எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். பாறசாலையில் அடிபட்ட பளுகல்காரர் தன் ஊர்ப் பக்கத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். நெய்யாற்றின்கரையில் அந்த மனுவுக்குப் பெயர் ஓ.பி. (எம்.வி.), தமிழ்நாட்டில் எம்.சி.ஓ.பி. பெயர்தான் வேறு, சட்டம் ஒன்றே. ஆனால் மேல்முறையீடு என்று வந்தால் ஒன்று எர்ணாகுளத்துக்கும் மற்றொன்று மதுரைக்கும் போகும். மனுப் போடும் முன்பே அந்தத் தூரத்தையும் மலையாள ஆவணங்களை மொழிபெயர்க்கும் செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி பணக் கணக்கு. இதை அறியாதவர்தான் முதல் பேரத்திலேயே கையெழுத்துப் போடுகிறார். 38 வயது ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் இறந்துவிட்டார், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தாயும் அவரை நம்பி இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 12,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றால், 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னபடி 40 வயதுக்குக் கீழான சுயதொழில்காரருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேரும்: 16,800. நான்கு பேர் நம்பியிருப்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழியும்: 12,600. ஆண்டுக்கு 1,51,200. அவர் வயதுக்கு உச்ச நீதிமன்றத்தின் 2009-ம் ஆண்டுத் தீர்ப்பின் அட்டவணைப்படி பெருக்கல் எண் 15. ஆக 22,68,000 ரூபாய். துணையை இழந்தது, இறுதிச் சடங்கு போன்றவற்றுக்கான தொகை இதற்கு மேல்.

இதே ஆளின் வருமானம் 8,000 ரூபாய்தான் என்று நிறுவனம் நிலைநாட்டிவிட்டால் மொத்தம் 15,12,000. மாதக் கணக்கில் நாலாயிரம் குறைந்ததால் குடும்பத்துக்கு ஏழரை லட்சத்துக்கு மேல் போய்விட்டது. பால் வெட்டுகிறவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. தோட்டக்காரரின் நோட்டில் இருக்கும் கணக்கு, ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்காரரின் சாட்சியம், வங்கிப் புத்தகம் ஆகியவைதான் ஆதாரம். ஒன்றுமே இல்லாவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். 2004-ல் அடிபட்ட கர்நாடகக் கூலித் தொழிலாளிக்கு மாதம் 4,500 ரூபாய் வருமானத்தை ஆவணம் கேட்காமலே உச்ச நீதிமன்றம் 2011-ல் ஏற்றது. கேரளத்தில் அதை அடியாக வைத்து, ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக் கணக்கிடுகிறார்கள்.

உயிர் பிழைத்தவரின் வழக்கு இன்னும் கடினம். வலது கைக் கட்டைவிரல் மடங்காமல் போனவருக்கு மருத்துவக் குழு சிறியதொரு ஊனச் சதவீதம் எழுதித் தரும். நிறுவனம் அந்தச் சதவீதத்தையே பிடித்துத் தொங்கும். உளியை அழுத்திப் பிடித்துப் பட்டையில் மெல்லிய சீவல் எடுப்பவருக்கு அந்த விரல் போனால் பிழைப்பே போய்விட்டது. உடல் ஊனம் எவ்வளவு என்பது வேறு, அதனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவாக்கிவிட்டது. அந்த வேலை எப்படிச் செய்யப்படுகிறது என்று தீர்ப்பாயத்துக்குக் காட்ட வேண்டியது நம் வழக்கறிஞரின் பொறுப்பு. பலர் அதைச் செய்வதில்லை என்பது என் மனத்தாங்கல்.

நிறுவனங்களின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. பொய்யான விபத்துக் கோரிக்கைகளை விசாரிக்க உத்தரப் பிரதேசத்தில் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்க வேண்டியிருந்தது. சட்டப்படி அவர்கள் கொடுக்க வேண்டாத இடமும் உண்டு. வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்த பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனவருக்கு, அந்த பைக்காரரின் தவறால் அடிபட்டால், அந்த பாலிசியில் இருந்து ஒன்றும் வராது. புதுப்பிக்கும்போது சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் மெய்யாக அடிபட்டவரை அதிகம் வீழ்த்துவது சாலையோரச் சமாதானம்தான். "கேசு வேண்டாம் அண்ணே, ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கிடுதேன்" என்று காரோட்டி கையைப் பிடிப்பார். முதல் பில் கட்டியதும் போனை எடுக்க மாட்டார். அதற்குள் வாரங்கள் ஓடியிருக்கும். தாமதமாக வந்த புகார் என்பதே பிறகு சந்தேகத்துக்குக் காரணமாகும். 2022 ஏப்ரல் 1 முதல் மனுப் போட ஆறு மாதக் கெடுவும் வந்துவிட்டது. கெடு தாண்டியது என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அது இடைக்கால உத்தரவு மட்டுமே. அதை நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

அதே 2022 ஏப்ரலில் வந்த மத்திய விதிகளின்படி, காவல் துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அது கிடைத்த 30 நாளுக்குள் நிறுவனம் தன் முடிவைச் சொல்ல வேண்டும். பாறசாலைக் காவல் நிலையத்தின் அறிக்கை, அடிபட்டவர் குழித்துறைப் பக்கத்துக்காரர் என்றால் அவருடைய ஊர்த் தீர்ப்பாயத்துக்கும் தானாகவே, தமிழ் மொழிபெயர்ப்போடு போய்ச் சேரவும் வழி செய்ய வேண்டும். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவசமாகத் தர முடிந்தது. காகிதத்துக்கும் அந்த மனம் வேண்டும். திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சேர்ந்து பாறசாலை மருத்துவமனையில் இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைக்கலாம். பதிவேட்டில் "விழுந்தார்" என்று இருக்கும் வரியை அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, "கார் மோதி விழுந்தார்" என்று எழுதச் சொல்வதுதான் அவருடைய முதல் வேலை.