கேரவன் சுற்றுலா: வாகனத்துக்கு மானியம் தயார், நிறுத்தும் நிலத்துக்கு விடை எங்கே?

திருவனந்தபுரம்: தமிழ் வாசகர்களுக்குக் கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வாகனமே நினைவுக்கு வரும். அதே வாகனத்தைக் குடும்பச் சுற்றுலாவுக்குக் கொண்டுவரும் நோக்கில் 'கேரவன் கேரளா' திட்டத்தைக் கேரள அரசு 2021 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த சில மாதங்களில், 2022 பிப்ரவரியில், இடுக்கி மாவட்டம் வாகமனில் மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது.

திட்டத்துக்கு இரண்டு சக்கரங்கள். ஒன்று வாகனம், மற்றொன்று அது இரவில் தங்கும் பூங்கா. முதலாவதற்கு அரசு தாராளமாகவே கைகொடுத்தது. முதல் 100 கேரவன்களுக்குத் தலா ரூ.7.5 லட்சம் அல்லது முதலீட்டில் 15 சதவீதம், இவற்றில் எது குறைவோ அது மானியமாக அறிவிக்கப்பட்டது. பூங்காவுக்கோ குறைந்தது 50 சென்ட் நிலமும், ஐந்து வாகனங்களை நிறுத்தும் இடமும் தேவை என வரையறுக்கப்பட்டது. அரை ஏக்கர்தானே எனத் தோன்றலாம். ஆனால், கிராமப்புறக் கேரளத்தில் அந்த அரை ஏக்கரே சிக்கலான பகுதி.

மலைப்பகுதியில் தேயிலை, ஏலக்காய்த் தோட்டங்கள் 1963ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றவை. தோட்டம் தோட்டமாக இருக்கும்வரைதான் அந்த விலக்கு. பின்னர் வந்த திருத்தம், சுற்றுலா உள்ளிட்ட பிற பயன்களுக்கு 5 சதவீதம் வரை நிலத்தை ஒதுக்க அனுமதித்தது. இதனால் பெரிய தோட்ட நிறுவனங்களுக்கு வழி எளிது. சிறு விவசாயியின் நிலை வேறு. 1964ஆம் ஆண்டு விதிகளின்கீழ்ப் பட்டா பெற்ற நிலம் சாகுபடிக்கும் குடியிருப்புக்கும் உரியது. வேறு பயன்பாடுகளை முறைப்படுத்த வழிவகுக்கும் திருத்த மசோதா 2023 செப்டம்பரில் பேரவையில் நிறைவேறி, 2024 ஏப்ரலில்தான் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது.

சமவெளியிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. அங்கு வயல்களை நிரப்புவதற்கு 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் தடையாக நிற்கிறது.

நிலம் கிடைத்தாலும் அடுத்த கேள்வி கழிவுநீர். ஒரு வாகனத்துக்கு நான்கு பேர் என்றால், ஐந்து வாகனங்களில் 20 பேர். குடிநீர் வழங்கல் திட்டங்களில் பயன்படுத்தப்படும் நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவுகோலின்படி 2,700 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் 80 சதவீதம், அதாவது ஏறத்தாழ 2,160 லிட்டர், கழிவுநீராக வெளியேறும். இது மிகச் சிறிய பூங்காவின் ஒரு நாள் கணக்கு மட்டுமே.

வழக்கமான செப்டிக் டேங்க் போதும் என்று கருதுவதும் தவறு. வாகனக் கழிப்பறைத் தொட்டிகளில் துர்நாற்றத்தைத் தடுக்க ஊற்றப்படும் சில ரசாயனங்கள், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களையே அழித்துவிடக்கூடியவை. சரிவான நிலத்தில் மேலே கசிவது கீழேயுள்ள வீட்டுக் கிணற்றைச் சென்றடையும் வாய்ப்பும் உண்டு. பெரும்பாலான கிராம வீடுகள் கிணற்றை நம்பியிருக்கும் மாநிலம் இது.

இந்த அச்சத்துக்கு மாநிலத்திலேயே முன்னுதாரணம் உள்ளது. படகு இல்லங்கள் கேரளச் சுற்றுலாவின் முகமாக மாறின. ஆனால், அவற்றின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் படகுகள் பெருகிய பிறகே வந்தன. அதன் விலையைக் கொடுத்தது, 2002 முதல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றுள்ள வேம்பநாடு ஏரி. கேரவன் திட்டம், படகு இல்லங்களுக்குப் பிந்தைய பெரிய முயற்சியாக முன்வைக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

மண்ணின் உறுதியும் கவனிக்கப்பட வேண்டும். வாகமனுக்கு அருகிலுள்ள கொக்கையாறு, கூட்டிக்கல் பகுதிகளில் 2021 அக்டோபரில் ஏற்பட்ட நிலச்சரிவுகள் பல உயிர்களைப் பறித்தன. கனரக வாகனத்துக்காகச் சரிவை வெட்டிச் சமன்படுத்தும்போது மழைநீர் வடியும் பாதை மாறுகிறது. வாகனம் கட்டடம் அல்ல என்பதால் கட்டட விதிகளில் அதற்கு நேரடி இடமில்லை. ஆனால், அதற்காக வெட்டப்படும் மலைக்குச் சக்கரம் கிடையாது.

முதலீட்டாளரின் தயக்கமும் புரிந்துகொள்ளத்தக்கதே. பூங்காக்கள் குறைவாக இருப்பதால் வாகனம் வாங்கத் துணிவோர் குறைவு. வாகனங்கள் குறைவாக இருப்பதால் பூங்காவில் பணம் போடத் துணிவோரும் குறைவு. வாகனத்துக்கு அளிக்கும் மானியத்தில் ஒரு பங்கைக் கழிவுத் தொட்டி, சுத்திகரிப்பு வசதி, மின் இணைப்பு ஆகியவற்றுக்குத் திருப்பினால் இந்த முடிச்சு ஓரளவு தளரக்கூடும். உரிமம் வழங்கும் முன் கீழ்ச்சரிவுக் கிணறுகளின் நீரைப் பரிசோதித்துப் பதிவு செய்வது ஊராட்சிக்குப் பெரிய செலவும் அல்ல. பின்னாளில் புகார் எழுந்தால், பூங்கா உரிமையாளருக்கும் அண்டை வீட்டாருக்கும் இடையே சான்றாக நிற்கப்போவது அந்தப் பதிவேடுதான்.