டியூஷன் பிள்ளையோடு போகட்டும்

டெல்லி ஜங்புராவில், பாராபுல்லா நாலாவை ஒட்டி அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்த தமிழர் குடியிருப்பான மதராசி கேம்ப், 2025 ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை இடிக்கப்பட்டது. நாலாவைத் தூர்வாருவதற்காக டெல்லி உயர் நீதிமன்றம் மே 9 அன்று பிறப்பித்த உத்தரவின்படி நடந்தது இது. அங்கிருந்த 370 குடும்பங்களில் 215 குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. மீதி 155 குடும்பங்கள் 'தகுதியற்றவை' ஆயின. அந்த உத்தரவைப் பற்றி வாதாட வேறு மேடைகள் உண்டு. மாலைநேர வகுப்பு நடத்துகிறவர்களும் அவற்றை ஒருங்கிணைக்கிறவர்களும் படிக்கும் இந்த இதழ் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பை அன்று யார் கையில் எடுத்துக்கொண்டார்கள்?

டெல்லிப் பள்ளிகளுக்கு அந்த ஆண்டு மே 11 முதல் ஜூன் 30 வரை கோடை விடுமுறை. வீடு இடிந்த நாளுக்கும் பள்ளி திறந்த நாளுக்கும் நடுவே சரியாக ஒரு மாதம் இருந்தது. ஆனால் அந்த மாதம் முழுக்க ஒரு குடும்பம் எதற்கு அலையும்? ஒதுக்கீட்டுக் கடிதத்துக்கு, தண்ணீருக்கு, மின் இணைப்புக்கு, ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் செய்துவந்த வீட்டு வேலை கைவிட்டுப் போகாமல் இருப்பதற்கு. பள்ளியின் டி.சி. இந்த வரிசையில் கடைசியாகத்தான் வரும். பெற்றோரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அந்த ஒரு மாதம்தான் நம்முடைய வேலை நடக்க வேண்டிய மாதம்.

கேம்ப் பிள்ளைகளில் பலர் படித்தது லோதி எஸ்டேட்டில் உள்ள டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில். 1923-இல் தொடங்கி நூற்றாண்டு கண்ட அந்தக் கழகம் டெல்லியில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. நரேலாவில் ஒன்றுகூட இல்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பழைய பள்ளியிலேயே தொடர வேண்டுமென்றால் விடியற்காலையில் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்துச் சமய்பூர் பாத்லி வந்து, மெட்ரோ மஞ்சள் தடத்தில் ஜோர் பாக் வரை போய், அங்கிருந்து பள்ளி சேர வேண்டும். மாலையில் அதே தூரம் திரும்பி வர வேண்டும். இதில் அவள் எந்த நேரத்தில் டியூஷனுக்கு வருவாள்? நரேலாப் பள்ளிக்கு மாறினால் பயணம் மிச்சம். ஆனால் தமிழ்ப் பாடம் போய்விடும், படிப்பும் பெரும்பாலும் இந்தியில் ஆகிவிடும்.

இப்படி மாறும் பிள்ளைகள் விஷயத்தில் புது ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேம்ப் பிள்ளை தெருவில் இந்தியைச் சரளமாகப் பேசும். அதைக் கேட்டதும் 'இதற்கு இந்தி பிரச்சினையே இல்லை' என்று தோன்றும். சமூக அறிவியல் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, கேள்விக்கு எழுத்தில் பதில் கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் இடைவெளி தெரியும். முதல் மாத டியூஷன் விட்டுப்போன பாடத்தைத் துரத்துவதைவிடப் புத்தக இந்தியை வாசிக்கவும் எழுதவும் பழக்குவதில் கழிவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

அதற்காகத் தமிழைக் கைவிடச் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்ப விரும்பும் குடும்பங்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அப்படித் திரும்பும் பிள்ளைக்கு, 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி, பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பாடம் கட்டாயம். இன்று நரேலாவில் தமிழை நிறுத்திய பிள்ளை, இரண்டு வருடம் கழித்து ஊர்ப் பள்ளியில் தமிழ்த் தேர்வில் விழும். வாரத்தில் இரண்டு மாலையாவது தமிழுக்கு ஒதுக்குவது, அந்தக் குடும்பம் எந்தப் பக்கம் போனாலும் பிள்ளைக்கு வழி திறந்திருப்பதற்காகத்தான்.

நம் மையங்களின் அடிப்படைக் கோளாறு இங்கேதான் வெளிப்படுகிறது. நாம் டியூஷனை ஓர் அறையோடு கட்டிப்போட்டிருக்கிறோம். இந்தத் தெருவில் மையம், இந்தத் தெருப் பிள்ளைகள்தான் வரலாம் என்று நன்கொடையாளருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தெரு போனால் வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு கிழித்து 'இடம் பெயர்ந்தார்' என்று எழுதிவிடுகிறோம். அந்தக் கோட்டோடு நம் பொறுப்பும் முடிந்துபோகிறது.

வேறு மாதிரி செய்தவர்கள் டெல்லியிலேயே இருக்கிறார்கள். 2006-இல் நங்லா மாஞ்சி குடியிருப்பு இடிக்கப்பட்டபோது அங்கே இளைஞர்களோடு வேலை செய்துகொண்டிருந்த அங்குர் அமைப்பு, சாவ்தா கேவ்ராவில் குடியேற்றப்பட்டவர்களோடு தானும் அங்கே போய் வேலையைத் தொடர்ந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஆக்னஸ் ஸ்டீவன்ஸ் 1993-இல் தொடங்கிய 'ஸ்கூல் ஆன் வீல்ஸ்' வீடற்ற பிள்ளைகள் தங்கும் இடங்களுக்கே தன்னார்வலர்களை அனுப்புகிறது. அமெரிக்காவின் 1987-ஆம் ஆண்டு மெக்கின்னி-வென்டோ சட்டம், வீடிழந்த பிள்ளைக்குப் பழைய பள்ளியிலேயே தொடரும் உரிமையையும் போக்குவரத்தையும் இன்று உறுதி செய்கிறது. ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் இதற்கென ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் அப்படி ஒருவர் கிடையாது. அவர் வரும் வரை அந்த வேலையை மைய ஒருங்கிணைப்பாளர்தான் சுமக்க வேண்டும்.

சட்டம் நம்மிடமும் இல்லாமல் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி டி.சி. தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. கேட்டவுடன் கொடுக்க வேண்டியது தலைமையாசிரியரின் கடமை. இடம்பெயர்ந்து வரும் குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை 9-ஆம் பிரிவு உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பாக்குகிறது. இவற்றை அச்சிட்டுப் பெற்றோர் கையில் கொடுங்கள். நடைமுறையில் சிக்குவது பெரும்பாலும் கணினியில்தான். அரசின் மாணவர் தரவுத்தளமான யூடைஸ் பதிவில் பழைய பள்ளி பிள்ளையை விடுவிக்காத வரை புதுப் பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியாது. பழைய பள்ளிக்கு ஒரு போன் போட்டால் தீரும் வேலைக்காகப் பிள்ளை வாரக்கணக்கில் வீட்டில் உட்காரக் கூடாது.

ஆனால் இந்தச் சட்டத்தின் காவல் 14 வயது வரைதான். எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். பத்திலும் பன்னிரண்டிலும் பள்ளி மாற சி.பி.எஸ்.இ.யின் அனுமதியும் வேண்டும். வேலைக்குப் போகும் அம்மா விடியுமுன் கிளம்பினால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்படுவதும் அந்த வயதுப் பெண்பிள்ளைதான். ஆள் பற்றாக்குறை உள்ள மையம் சின்னப் பிள்ளைகளை முதலில் எடுப்பது வழக்கம். இடப்பெயர்வுக் காலத்தில் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உறை வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரக் கல்வி எண், கடைசி மதிப்பெண் பட்டியலின் நகல், படித்த மொழிகள், கணக்கில் எந்தப் பாடத்தோடு நின்றது, அம்மாவின் எண்ணோடு ஊரில் இருக்கும் சித்தி அல்லது மாமாவின் எண் ஒன்று. அம்மாவின் எண் மாறிப்போகும். ஊர்ச் சொந்தத்தின் எண் வழியாக எப்படியும் கண்டுபிடித்துவிடலாம். உறையின் ஒரு பிரதி குடும்பத்திடமே இருக்கட்டும். நோட்டீஸ் ஒட்டப்படும் வரை காத்திராமல், நாலா ஓரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் இருக்கும் எல்லாக் குடியிருப்புகளிலும் இதை இப்போதே செய்ய வேண்டும்.

இந்த உறை மிகவும் தேவைப்படுவது அந்த 155 குடும்பங்களுக்கு. நரேலாவுக்குப் போனவர்கள் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். ஓர் அறை பிடித்தால் மையம் தொடங்கிவிடலாம். வீடு கிடைக்காதவர்கள் வாடகை கட்டுப்படியாகும் இடம் தேடி ஆளுக்கு ஒரு பக்கம் சிதறிப்போவார்கள். அவர்களுக்காக எந்த மையமும் தானாக முளைக்காது. ஜங்புரா, போகல், நிஜாமுதீன் பகுதிகளில் வகுப்பு நடத்தியவர்கள் தங்கள் பழைய வருகைப் பதிவேட்டைத் திறந்து, கோடு கிழித்த பெயர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்யத் தொடங்குங்கள். பிள்ளை இப்போது இருக்கும் பகுதியில் வேறு அமைப்பு இருந்தால் பெற்றோரின் சம்மதத்தோடு உறையை அவர்களிடம் ஒப்படையுங்கள். இல்லையென்றால் வாரம் ஒரு முறையாவது போனிலேயே பாடம் கேளுங்கள்.