யாருடைய தேவைக்கு இத்தனை கணினி இடங்கள்?

பொறியியல் கல்லூரி ஒன்று ஒரு பாடப்பிரிவில் எத்தனை மாணவரைச் சேர்க்கலாம் என்பதற்கு நம் நாட்டில் ஓர் உச்சவரம்பு இருந்தது. 240 இடங்கள் என்ற அந்த வரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2024-25 கல்வியாண்டில், “சிறப்பாகச் செயல்படும்” நிறுவனங்களுக்கு நீக்கிவிட்டது. 2021-22இல் சுமார் 12.5 லட்சமாக இருந்த பி.டெக். இடங்கள் 2024-25இல் ஏறத்தாழ 15 லட்சத்தை எட்டின. பெருகியவற்றில் பெரும்பகுதி கணினி அறிவியலுக்கும், செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று பெயரிடப்பட்ட அதன் கிளைகளுக்கும் உரியவை. இதற்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றே: தொழில்துறைக்கு ஆட்கள் தேவை.

அந்தத் தேவை எத்தகையது என்பதை இரண்டு நிகழ்வுகள் காட்டிவிட்டன. 2022இல் இன்ஃபோசிஸ் நிறுவனத்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டதாரிகளில் பலர் இரண்டாண்டுகளுக்கும் மேலாகக் காக்க வைக்கப்பட்டனர். அவர்கள் 2024 அக்டோபரில்தான் பணியில் சேர்க்கப்பட்டனர். 2025 பிப்ரவரியில், உள்தேர்வில் மூன்று முறை தேறவில்லை என்ற காரணத்தைக் கூறி, மைசூரு பயிற்சி மையத்திலிருந்து 300க்கும் மேற்பட்டோரை அந்நிறுவனம் வெளியேற்றியது. உண்மை எண்ணிக்கை அதனினும் மிகுதி என்று ஊழியர் அமைப்பு குற்றஞ்சாட்டியது. அடுத்து, 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியரில் 2 விழுக்காட்டினரை, அதாவது சுமார் 12,000 பேரை, நீக்கப்போவதாக அறிவித்தது. முந்தைய நிதியாண்டில் அதன் நிகர லாபம் 48,000 கோடி ரூபாய்க்கும் மேல். இந்த நீக்கத்துக்குக் காரணம் செயற்கை நுண்ணறிவு அல்ல, திறன் பொருந்தாமையே என்று அதன் தலைமை விளக்கமளித்தது.

புதிதாக வந்தவனுக்கும் திறன் போதவில்லை. இடைநிலையிலும் மேல்நிலையிலும் பல்லாண்டு உழைத்தவனுக்கும் திறன் போதவில்லை. ஆயினும் ஆட்கள் போதவில்லை என்ற முறையீடு மட்டும் ஓயவில்லை. இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ளக் கூலியைப் பார்க்க வேண்டும். பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் புதிய பட்டதாரிக்கான தொடக்க ஊதியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு 3 முதல் 3.6 லட்சம் ரூபாய் அளவிலேயே நிற்கிறது. இதே காலத்தில் நுகர்வோர் விலைவாசி ஏறத்தாழ இருமடங்காகியுள்ளது. எனில் உண்மை ஊதியம் பாதியாகிவிட்டது. 2024இல் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கு காக்னிசன்ட் அறிவித்த ஊதியம் ஆண்டுக்கு 2.52 லட்சம் ரூபாய். ஒரு பண்டத்துக்கு உண்மையாகவே தட்டுப்பாடு இருந்தால் அதன் விலை ஏறும் என்பது முதலாளித்துவப் பொருளாதாரத்தின் பாலபாடம். உழைப்புச் சக்தியின் விலை ஏறவில்லை என்றால், அங்கே தட்டுப்பாடு இல்லை. மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் தொழில்துறைச் சேமப் பட்டாளம் என்று குறிப்பிட்டது இதனையே. அன்று ஆலை வாயிலில் நின்ற பட்டாளத்தை இன்று கல்லூரிகள் அணிவகுத்து அனுப்புகின்றன. அதற்கான செலவைப் பெற்றோரின் சேமிப்பும் மாணவரின் கல்விக் கடனும் ஏற்கின்றன.

பட்டப்படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவை. நிறுவனத்தின் கணக்கோ காலாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. அமெரிக்காவில் வட்டி விகிதம் ஏறினால் பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் ஆளெடுப்பு சுருங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தின் இழப்பை நிறுவனம் ஏற்பதில்லை. பதினேழு வயதில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்த மாணவன் ஏற்கிறான்.

பல்கலைக்கழகம் இழப்பதும் சிறிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் கவுன்சில் அமைத்த குழுவுக்குத் தலைவர், மென்பொருள்-பொறியியல் சேவை நிறுவனம் ஒன்றின் நிறுவனரான பி.வி.ஆர். மோகன் ரெட்டி. இயந்திரவியல், மின்னியல், சிவில் போன்ற மரபான பிரிவுகளில் கூடுதல் இடங்கள் வேண்டாம், செயற்கை நுண்ணறிவு போன்றவற்றை ஊக்குவிக்கலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது. ரயில் பாதையும் பாலமும் மின்கட்டமைப்பும் இன்னும் பன்மடங்கு வேண்டியிருக்கும் நாட்டில், அவற்றைக் கட்டும் கல்வி தேய்கிறது. அத்துறைகளின் ஆசிரியர்கள் வேலையிழக்கின்றனர். அல்லது தாம் பயிலாத நிரலாக்கத்தைக் கற்பிக்க நிர்ப்பந்திக்கப்படுகின்றனர். 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விகிதத்தை 20க்கு ஒருவர் என 2018இல் கவுன்சில் தளர்த்தியிருந்தது. இடங்கள் பெருகின, கற்பிப்போர் பெருகவில்லை. அப்படிக் கற்று வெளிவரும் மாணவனிடம்தான் பின்னர் “திறன் இல்லை” என்று கூறப்படுகிறது.

கணினிக் கல்வியும் கணினித் தொழிலும் இந்நாட்டில் சந்தையால் பிறந்தவை அல்ல. 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஐபிஎம் 1620 நிறுவப்பட்டபோது கணினிக் கல்வி பொதுக் கல்விக்கூடத்தில் வேர்விட்டது. 1967இல் ஹைதராபாத்தில் பொதுத்துறை நிறுவனமான இசிஐஎல் தொடங்கப்பட்டது. உள்நாட்டிலேயே கணினி வடிவமைக்கப்பட்டது. அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குக் கட்டுப்பட மறுத்து 1978இல் ஐபிஎம் வெளியேறியபோது, அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பைச் சிஎம்சி என்ற பொதுத்துறை நிறுவனம் ஏற்றது. 1980களின் நடுவில் டெல்லியில் தொடங்கிய ரயில்வே கணினி முன்பதிவு சிஎம்சியின் ஆக்கமே. அந்நிறுவனத்தின் 51 விழுக்காட்டுப் பங்குகளை 2001இல் வாஜ்பாய் அரசு 152 கோடி ரூபாய்க்கு டாடா குழுமத்துக்கு விற்றது. 2015இல் சிஎம்சி, இன்று ஆட்குறைப்புச் செய்யும் அதே டிசிஎஸ்ஸுடன் இணைக்கப்பட்டது. பொதுத்துறையும் தொழில்நுட்ப வேலையளிப்பவராக இருந்த ஒரு காலத்தை அரசே திட்டமிட்டு முடித்துவைத்தது. வேலைக்குத் தனியாரையன்றி வேறு வாயில் இல்லாமற்போன பின், பல்கலைக்கழகம் அவர்கள் வாயிலில் நிற்பதில் வியப்பில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். தலித், பிற்படுத்தப்பட்ட, விவசாயக் கூலிக் குடும்பங்களிலிருந்து முதன்முறையாகப் பட்டம் பெற்றோரில் கணிசமானோருக்கு மாதச் சம்பளமும் நகர வாழ்வும் அளித்தது இந்தப் படிப்புதானே. இடங்களைக் கட்டுப்படுத்தினால் முதலில் வெளியே நிற்பது அவர்களல்லவா? கேள்வி நியாயமானது. கணினி படிக்கும் ஆசையைப் பழிப்பது இடதுசாரிகளின் வேலையன்று. ஆனால் கட்டணம் குறைந்த, இடஒதுக்கீடு முறையாக நடைமுறையாகும் அரசுக் கல்லூரிகளில் இந்த இடங்கள் பெருகவில்லை. அவை பெருகியது தனியார் கல்லூரிகளில், அதுவும் நிர்வாக ஒதுக்கீட்டில் பெருந்தொகை கேட்கக்கூடிய பிரிவுகளில். முடிவில் வேலை தரும் நிறுவனங்களிலோ இடஒதுக்கீடே இல்லை. ஆட்குறைப்பு வரும்போது நிலமோ சேமிப்போ இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரியே முதலில் வீழ்கிறான். எனவே அரசுக் கல்லூரிகளில் இடங்களைப் பெருக்கு, தனியார் வணிகத்துக்கு வரம்பு வை என்பதே அவன் நலன் காக்கும் கோரிக்கை.

இதனுடன் வேலைத்தலத்து உரிமைகளும் சேர்ந்தாக வேண்டும். 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்திலிருந்து தகவல் தொழில்நுட்பத் துறைக்கு அளித்த விலக்கைக் கர்நாடக அரசு 2024இல் மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. அதே ஆண்டில் 14 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் முன்மொழிவும் எழுந்தது. கர்நாடக மாநிலத் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் அதனை எதிர்த்துக் களமிறங்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள், 300 பேருக்குக் குறைவான நிறுவனங்களில் நிலையாணைப் பாதுகாப்பையே இல்லாமற்செய்கின்றன.

பயிற்சியாளரும் தொழிலாளரே எனச் சட்டம் ஏற்க வேண்டும். பணி ஆணை வழங்கிய நிறுவனம், குறித்த நாளில் சேர்க்காவிடில் அன்று முதல் ஊதியம் தர வேண்டும். எந்தப் பிரிவில் எத்தனை இடங்கள் என்பதை நாட்டின் நீண்டகாலத் தேவையைக் கொண்டு, மாநில அரசுகளும் ஆசிரியர்களும் பங்கேற்கும் பொது அமைப்பு தீர்மானிக்க வேண்டும். மூடப்படும் அடிப்படைப் பொறியியல் துறைகளை அரசுக் கல்லூரிகளிலேனும் காக்க வேண்டும். மாணவர் சங்கம் கட்டணத்தையும், ஆசிரியர் சங்கம் காலியிடத்தையும், ஊழியர் சங்கம் பணிநீக்கத்தையும் தனித்தனியே பேசிவருகின்றன. கல்லூரியில் சேரும் நாளிலிருந்து வெளியேற்றப்படும் நாள்வரை ஒருவன் வாழ்வில் தொடர்ந்து நிகழும் ஒரே சுரண்டல் இது. அதை எதிர்க்கும் மேடையும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அத்தகைய கூட்டு மேடைகளை ஒவ்வொரு கல்லூரி நகரிலும் கட்டுவது தோழர்களின் உடனடிக் கடமை.