இடம் கொடுத்தால் போதாது, படிப்பை முடிக்கவும் வழி வேண்டும்

பள்ளியை முடித்தவர்களுக்கும் பாதியில் விட்டவர்களுக்கும் குறைந்த கட்டணத்தில், ஊருக்கு அருகிலேயே, வேலைக்கு உதவும் படிப்பைத் தருவதற்காக உருவானவை சமுதாயக் கல்லூரிகள். இம்முறை வளர்ந்தது அமெரிக்காவில். இல்லினாய் மாநிலத்தில் 1901-இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரி அங்குள்ள அரசு சமுதாயக் கல்லூரிகளில் மிகப் பழையது. இந்தியாவில் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், அதையடுத்துச் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் இதற்கு வழிகாட்டின. பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவும் இதைத் தனித் திட்டமாக்கி, கலை அறிவியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் பரப்பியது.

தொலைதூர நகரத்தில் விடுதியில் தங்கிப் படிக்க முடியாத மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இக்கல்லூரிகளே கைக்கெட்டும் உயர்கல்வி. ஆனால் கல்லூரி முறையை அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொண்ட நாம், அங்கே இத்தகைய மாணவர்களைத் தாங்கி நிற்கும் ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. ஊழியரும் நிதியும் உள்ள ஓர் உதவி அலுவலகமே அந்த ஏற்பாடு.

அமெரிக்காவில் அது போராடிப் பெறப்பட்டது. போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ், சான் மட்டேயோ சமுதாயக் கல்லூரியில் படித்து, அங்கிருந்த கல்வி ஆலோசகர் ஒருவரின் துணையோடு 1962-இல் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னாளில் மாற்றுத்திறனாளிகள் உரிமை இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரானார். அரசு நிதி பெறும் எந்த நிறுவனமும் உடல்குறையைக் காரணம் காட்டி எவரையும் ஒதுக்கக் கூடாது என்று 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு சொன்னது. அதற்கான விதிகள் வெளிவர நான்கு ஆண்டுகள் ஆயின. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள மத்திய அரசுக் கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் மூன்று வாரங்களுக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். அதன் பிறகே விதிகள் கையெழுத்தாயின. கலிஃபோர்னியா 1976-லேயே, இம்மாணவர்களுக்காகக் கூடுதலாக ஆகும் செலவைச் சமுதாயக் கல்லூரிகளுக்குத் தனியே வழங்கச் சட்டம் இயற்றியது. அந்த நிதியில் நடக்கும் அலுவலகங்கள் குறிப்பெடுக்க ஆள், சைகைமொழிபெயர்ப்பாளர், தேர்வுக்குத் தனி அறை ஆகியவற்றுக்கு இன்றும் ஏற்பாடு செய்கின்றன.

இந்தியச் சட்டமும் தாராளமானதே. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொன்னது. நியாயமான வசதி மறுக்கப்பட்டால் அதுவே பாகுபாடு என்று வரையறுத்தது. அதன் விதிகள் 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டன. ஐந்து ஆண்டுகளுக்குள், அதாவது 2022 ஜூனுக்குள், பழைய பொதுக் கட்டடங்களையும் அணுகத்தக்கவையாக மாற்றியிருக்க வேண்டும். 40 சதவீதக் குறைபாடு இல்லை என்பதற்காக, தேர்வர் சொல்லச் சொல்ல விடையை எழுதும் பதிலி எழுத்தரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் இவ்வளவு சொல்லியும் மாணவர் தடுமாறுவது சேர்க்கைக்குப் பிறகுதான். தேர்வை எடுத்துக்கொண்டால், பார்வையற்ற மாணவருக்குப் பதிலி எழுத்தரும், மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரமும் உண்டு. எழுத்தரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்போ பெரும்பாலும் மாணவர் தலையில் விழுகிறது. செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது மற்றவர்கள் பாடத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். இவர் ‘ஸ்கிரைப்’ கிடைப்பாரா என்று தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒத்துக்கொண்டவர் கடைசி நேரத்தில் வராவிட்டால் அந்தத் தாள் போய்விடும்.

பாடக் குறிப்புகளிலும் இதே நிலைதான். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் படிக்கும். ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட குறிப்புகளில், திரையில் தமிழாகத் தெரிவது கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே இருக்கிறது. மென்பொருள் அதை வாசித்தால் பொருளற்ற ஒலிதான் மிஞ்சும். புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அதையும் மென்பொருள் நேரடியாக வாசிக்காது. தமிழக அரசு 2010-லேயே யுனிகோடை ஏற்றுவிட்டது. ஆசிரியர்கள் குறிப்புகளை யுனிகோடில் தட்டச்சிடுவதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகாது.

செவித்திறன் குறைந்தவர்களுக்குச் சென்னை மாநிலக் கல்லூரி தனியாக பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகளை நடத்துவது பாராட்டுக்குரியது. ஆனால் சென்னைக்கு வர முடியாத மாணவருக்கு அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியே கதி. ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடியே பேசும் வகுப்பில், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மாணவருக்கு அன்றைய பாடம் முழுவதும் தவறிப்போகும்.

இக்கல்லூரிகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் பணியிடப் பயிற்சி. தொழிற்கூடத்திலோ மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ பயிற்சி முடித்தால்தான் சான்றிதழ். சக்கர நாற்காலி நுழையாத இடத்துக்கு அனுப்பப்பட்டால் அந்தப் படிப்பே பாதியில் நின்றுவிடும். வகுப்பறையைத் தரைத்தளத்துக்கு மாற்றிவிட்டுப் பயிற்சி இடத்தைக் கவனிக்காமல் விடுவது அரைகுறை உதவி.

இக்குறைகளுக்குப் பொதுவான காரணம், இவற்றைச் செய்து முடிக்க எவரும் பொறுப்பில் இல்லாததுதான். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பிரிவை அமைக்கும்படி மானியக் குழு நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. பல இடங்களில் அது பேராசிரியர் ஒருவரின் கூடுதல் பொறுப்பாகக் காகிதத்தில் நிற்கிறது. பகுதிநேர ஆசிரியர்களை நம்பி நடக்கும் சமுதாயக் கல்லூரிப் பிரிவில் அந்தக் கூடுதல் பொறுப்பை ஏற்கவும் ஆள் இருப்பதில்லை. நண்பர்களின் தயவும் ஆசிரியரின் நல்ல மனதும் மட்டுமே மாணவரைக் கரைசேர்க்கின்றன. ஆசிரியர் மாறினால், நண்பர் படிப்பை முடித்துப் போனால், அந்த உதவியும் போய்விடும்.

மிகச் சில மாணவர்களுக்காக அலுவலகம் எதற்கு, பணம் எங்கே என்று கேட்கப்படுவதுண்டு. வசதி இல்லாத இடத்துக்கு மாணவர் வருவதில்லை. வராததையே காரணம் காட்டி வசதியை மறுப்பது முறையல்ல. செலவுக்கும் வழி உண்டு. கல்லூரிக்கு ஒரு சைகைமொழிபெயர்ப்பாளர் இயலாவிட்டால், ஒரு மாவட்டத்தின் கல்லூரிகள் சேர்ந்து பகிர்ந்துகொள்ளலாம். அலுவலகம் மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதும் உண்மை. லாஸ் ஏஞ்சல்ஸ் சமுதாயக் கல்லூரி மாவட்டத்தில் அத்தகைய அலுவலகம் இருந்தும், பாடப்பொருளையும் இணையதளத்தையும் பயன்படுத்த முடியவில்லை என்று பார்வையற்ற மாணவர்கள் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. ஆகவே பாடம், மென்பொருள், கட்டடம், பயிற்சி ஆகிய நான்கிலும் முன்கூட்டியே தலையிடும் அதிகாரம் அலுவலகத்துக்கு இருக்க வேண்டும்.

தமிழக உயர்கல்வித் துறை அடுத்த சேர்க்கைக்கு முன்பே ஆணை பிறப்பிக்க வேண்டும். சமுதாயக் கல்லூரியை நடத்தும் ஒவ்வொரு நிறுவனத்திலும் முழுநேர அலுவலர் ஒருவரும், அவர் கையாளத் தனி நிதித் தலைப்பும் இருக்க வேண்டும். பதிலி எழுத்தர் பட்டியலைக் கல்லூரியே தயாரித்து, தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே பெயரை உறுதிசெய்ய வேண்டும். குறிப்புகள் யுனிகோடில் மட்டுமே தரப்பட வேண்டும். மாணவர் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவருக்கேற்ற பயிற்சி இடம் முடிவாக வேண்டும். எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதோடு, எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்ற கணக்கையும் ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 5 சதவீத ஒதுக்கீடு நிறைவேறியதா என்பதற்கு அந்தக் கணக்கே சரியான அளவுகோல்.